எட்டுச் சுற்று

இன்றைக்கு முகரக் கூடாது. படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்துபோய்க் கதவருகே நிற்கக் கூடாது. தோளில் தூசி தட்டுகிற மாதிரி பக்கத்தில் போகக் கூடாது. துண்டை நீட்டுகிற சாக்கில் கழுத்துக்கு அருகே குனியக் கூடாது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அது ஆணியிலேயே கிடக்கட்டும். நான் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டே அவள் யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையின் மார்புப் பக்கத்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"என்ன மூக்கம்மா, சட்டை வாக்குமூலம் குடுத்திருச்சா?" என்றார் இஸ்திரி மேசையில் நின்ற அண்ணன்.

"ஆரஞ்சு ஜூஸ். ரெண்டு நாள் ஆகியிருக்கும்."

"கறையே தெரியலையேம்மா!"

"உங்க பெட்டி பட்டதும் தெரியும். பழுப்பா எழும்பி வந்து நிக்கும். அப்புறம் அந்த ஆளு வந்து உங்க சட்டையைப் பிடிப்பாரு."

அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார். "உன் மூக்குக்கு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி முதலாளிகிட்ட சொல்லணும். சளி பிடிச்சா கடையை மூட வேண்டியதுதான்."

அந்தச் சலவைக் கடையில் கறை பிரிக்கும் மேசை அவளுடையது. பத்து வருடமாக அவளுடையது. வருகிற துணி எல்லாம் முதலில் அவள் கைக்குத்தான் வரும். கண்ணுக்குத் தெரிகிற கறை யாருக்கும் தெரியும். தெரியாத கறைதான் ஆபத்து. இனிப்புக் கலந்த எதுவும் துணியில் காய்ந்தால் நிறமில்லாமல் ஒளிந்துகொள்ளும். சூடு பட்டதும் வெளியே வரும், பிறகு போகாது. ஆகவே இஸ்திரிக்குப் போகும்முன் ஒவ்வொரு சட்டையும் அவள் மூக்கைக் கடந்து போக வேண்டும். ரத்தமா முட்டையா, பழச்சாறா பீரா, குடித்ததா தெளித்ததா என்று அவளால் சொல்ல முடியும். குடித்தவன் சட்டையில் பிராந்தியோடு வியர்வையும் இருக்கும். பக்கத்தில் இருந்தவன் சட்டையில் பிராந்தி மட்டும் இருக்கும். இதைக் கேட்டு முதலாளி ஒருமுறை, "நீ போலீசுல இருக்க வேண்டியவ" என்றார். அதை அவள் வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள முடியவில்லை. அப்போது வீட்டில் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

மதியம் கணவர் போன் செய்திருந்தார். அவர் குளிர்பெட்டி மெக்கானிக். குடிக்குச் சிகிச்சை முடிந்து வந்த இந்த ஏழு மாதமாகக் கறிக்கடை, பூக்கடை, பால் டிப்போ, மருந்துக் கிடங்கு என்றுதான் போய் வருகிறார். பார்களுக்கும் மதுக் கடைகளுக்கும் இன்னொரு மெக்கானிக் போவார் என்று பட்டறை முதலாளியோடு பேசி வைத்திருந்தார்கள். அந்த இன்னொருவர் நேற்று ஏணியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார். இன்று காலை ஸ்டேஷன் பக்கத்துப் பாரில் குளிர் அறை நின்றுபோய்விட்டது.

"முடியாதுன்னு சொன்னா முதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாரு," என்றார் போனில். "ஆனா அவர் நிக்கிற நிலைமை எனக்குத் தெரியுது. போர்டு டீச்சர்கிட்ட பேசிட்டேன். 'போகாம இருக்க வழி இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லேன்னா எப்படிப் போறதுன்னு எழுதிக்கிட்டுப் போங்க'ன்னாங்க. எழுதிட்டேன். ஆள் வர்றதுக்கு முன்னாடி போறேன், அஞ்சு மணிக்குள்ள வெளிய வந்துடறேன். மௌத் ஆர்கன் பையில இருக்கு. நீ என்ன சொல்ற?"

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சாப்பிட்டுட்டுப் போங்க. பசியோட போகக் கூடாதுன்னு அவங்கதான சொன்னாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். போனை வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

*

போர்டு டீச்சர் என்பது சிகிச்சை மையத்தில் வகுப்பு எடுக்கிற அம்மாவுக்கு அங்கே இருந்தவர்கள் வைத்த பெயர். எதைக் கேட்டாலும் எழுந்துபோய்ப் போர்டில் படம் போட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தாருக்கான வகுப்பு. கணவர் உள்ளே இருந்த இரண்டு மாதமும் இவள் ஒரு ஞாயிறு விடாமல் போனாள். அங்கே அறிவுரை சொல்வார்கள், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்துத்தான் போனாள். டீச்சரோ பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிற மாதிரி நடத்தினார். மூளையில் எந்த இடம் எதைப் பழகிக்கொள்கிறது, பழகிய இடத்தைக் கண்டதும் கால் ஏன் தானாகத் திரும்புகிறது, சம்பள நாளும் சண்டை நாளும் ஒரே மாதிரி ஏன் தாகத்தைக் கிளப்புகின்றன என்று ஒவ்வொன்றாக.

மூன்றாவது ஞாயிறு டீச்சர் போர்டில் ஒரு குன்று வரைந்து, அதன் சரிவில் ஒரு புள்ளி வைத்தார்.

"இதுதான் அந்த ஆசை. ஏறும். ஏறிக்கிட்டே போகும்னுதான் அவங்க நினைக்கிறாங்க, அதனாலதான் பயந்து குடிச்சிடறாங்க. ஆனா அது உச்சிக்குப் போனா தானா இறங்கும். தீனி போடலேன்னா பெரும்பாலும் அரை மணிக்குள்ள இறங்கிடும். அந்த அரை மணி நேரத்தைக் கடக்கத்தான் இங்க சொல்லிக் குடுக்குறோம். சரி, இப்போ நீங்க சொல்லுங்க. வீட்டுல நீங்க என்ன செய்வீங்க?"

ஒரு தகப்பனார் வண்டிச் சாவியை ஒளித்து வைப்பேன் என்றார். ஒருத்தி பாட்டிலில் கோடு போட்டு வைப்பேன் என்றாள். இவள் முறை வந்தது.

"மோந்து பாப்பேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "எப்படி?"

"வாசல்லயே நிறுத்தி ஊதச் சொல்லுவேன். அவரும் கண்ணை மூடிக்கிட்டு ஊதுவாரு. பழகிப்போச்சு. குளிச்சிட்டு வந்தா சட்டையை முகருவேன். தூங்கும்போது தலைகாணியை."

"மோந்து பாத்து, ஒண்ணும் இல்லேன்னா?"

"நிம்மதியா இருக்கும்."

"எவ்வளவு நேரம்?"

அவள் யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "கொஞ்ச நேரம்."

"அப்புறம்?"

"அப்புறம்... திரும்ப ஒருதடவை பாத்துட்டா நல்லதுன்னு தோணும்."

டீச்சர் போர்டுக்குத் திரும்பினார். சாக்பீஸை எடுத்து அந்தக் குன்றின் மேல் இரண்டாவதாக ஒரு சின்னப் புள்ளி வைத்தார். அவ்வளவுதான். அவள் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் புள்ளி அவர் என்று தெரியும். குன்றின் சரிவில், அவருக்கு நாலு விரல் கீழே, தன்னையும் அங்கே பார்ப்போம் என்று அவள் நினைக்கவில்லை. கோபம்தான் வந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை கோபமாகவே இருந்தது.

பாட்டு வகுப்பு உள்ளே இருப்பவர்களுக்குத் தனி. அதை எடுத்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். நடந்து நடந்து முட்டி தேய்ந்தவர். முதல் நாள் எல்லோருக்கும் தாள் கொடுத்து, குடித்துக்கொண்டே கேட்ட பாட்டுகளை எழுதச் சொன்னாராம். இவள் கணவர் பதினோரு பாட்டு எழுதினார். "அந்தப் பதினொண்ணையும் நான் குத்தம் சொல்லல," என்றாராம் வாத்தியார். "நல்ல பாட்டுங்க. ஆனா அதுங்க உங்க கையைப் பிடிச்சு எங்க கூட்டிட்டுப் போகும்னு உங்களுக்கே தெரியும். கொஞ்ச வருஷம் அதுங்க தூங்கட்டும். நாம யாரும் குடிச்சுக்கிட்டே கேக்காத பாட்டு ஒண்ணு கத்துக்கலாம்."

அப்படி ஒரு பாட்டு எங்கும் கிடைக்காது என்பதால் வாத்தியாரே ஒரு மெட்டுப் போட்டார். வார்த்தை கிடையாது. மெதுவாக வாசித்தால் ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம். எட்டுச் சுற்று வாசித்தால் இருபது நிமிடம் போய்விடும். ஆசை குன்றின் உச்சியைத் தாண்டியிருக்கும். தாண்டவில்லை என்றால் இன்னொரு எட்டு. பன்னிரண்டு பேருக்கும் ஒரே மெட்டு. ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் வெறும் டப்பா, தாளம் தப்புகிற ஒருவர் கைதட்டல். இவருக்கு மௌத் ஆர்கன்.

வீட்டுக்கு வந்த புதிதில், சாயங்காலம் ஆறு மணி ஆனால் முகம் ஒரு மாதிரி வெளிறும். "ஒரு எட்டு வாசிச்சிட்டு வரேன்" என்று மாடிப்படிக்குப் போவார். எட்டாவது படிக்கிற மகள் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டே விரல் மடக்குவாள். "அம்மா, ஏழு." "அம்மா, எட்டு. அப்பா வர்றாரு பாரு." எதிர்வீட்டுக் குழந்தைக்குக்கூட அந்த மெட்டு பாடமாகிவிட்டது.

*

மூன்றாவது மாதத்தில்தான் அது நடந்தது. வியாழக்கிழமை, விளக்குப் போடுகிற நேரம். அவர் குளிக்கப் போயிருந்தார். மௌத் ஆர்கன் ஜன்னல் கட்டையில் இருந்தது. துடைத்து வைக்கலாம் என்றுதான் எடுத்தாள். எடுத்த கை அதை மூக்குக்குக் கொண்டுபோயிற்று.

சுருக்கென்று ஏறியது.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவள் அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடு அறையில் நின்றாள். மகள் புத்தகத்திலிருந்து தலை தூக்கினாள்.

"என்ன இது?"

"ஸ்பிரிட்," என்றார் அவர்.

"அதான். எனக்கும் தெரியுது."

"ஏய், சொல்றதைக் கேளு. ரெண்டு ஓட்டை அடைச்சிருந்துச்சு, சத்தம் வரல. பட்டறையில ஒயர் முனை துடைக்கிற ஸ்பிரிட் இருக்குல்ல, அதுல பஞ்சைத் தொட்டு..."

"இது எத்தனாவது கதை?"

அவர் வாயைத் திறந்தார். ஊதிக் காட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவர் மூடிக்கொண்டார். குரலை உயர்த்தவும் இல்லை.

"குடிச்ச அன்னைக்கு நீ மோந்தே. சரி. குடிக்காத அன்னைக்கும் மோந்து, இதே மாதிரி நின்னா, எனக்கு அந்த நாளுக்கும் இந்த நாளுக்கும் என்னதான் வித்தியாசம்?"

அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு சட்டை கூடப் போடாமல், துண்டோடு வெளியே போனார்.

தெருமுனைக் கடை நினைவுக்கு வந்தது. சட்டை இல்லாமல் கடைக்குப் போக மாட்டார் என்றும் போவார் என்றும் மாற்றி மாற்றித் தோன்றியது. செருப்புச் சத்தம் இறங்கியது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெட்டு கேட்டது.

மகள் பென்சிலை எடுத்து நோட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டாள். இரண்டு. மூன்று. நான்காவது சுற்றின் நடுவில் மெட்டு அறுந்தது. அவள் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். கீழே ஒரு வண்டி போகிற சத்தம். யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம்.

"போயிட்டாரா அம்மா?"

மறுபடியும் மெட்டு எழுந்தது, முதலிலிருந்து. மகள் போட்ட கோடுகளை ரப்பரால் அழித்தாள். "அப்பா முதல்லேர்ந்து எண்ணுறாரும்மா. நாமளும் முதல்லேர்ந்து."

எட்டுக் கோடும் விழுந்த பிறகு உள்ளே வந்தார். "சோறு இருக்கா?" என்றார்.

சமையலறையில் முட்டையை வாணலியில் உடைத்து ஊற்றும்போது அவள் தன் உள்ளங்கையை முகர்ந்தாள். ஒன்றுமே இல்லை. வாடையே இல்லை. குடிக்கிற சரக்கு இத்தனை சுத்தமாகப் போகாது. பிசுபிசுப்பாக, இனிப்பாக, புளிப்பாக ஏதாவது விட்டுவிட்டுத்தான் போகும். துடைக்கிற ஸ்பிரிட் ஒன்றையும் விடாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லித்தான் பத்து வருடமாகச் சம்பளம் வாங்குகிறாள். கடையில் எவன் சட்டையாக இருந்தாலும் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். மூக்கு சரியாகத்தான் சொன்னது. அவள் கேட்டது மூக்கை அல்ல, பயத்தை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் மையத்துக்குப் போய், வகுப்பில் எழுந்து நின்று எல்லோருக்கும் முன்னால் அதைச் சொன்னாள். சொல்லி முடித்ததும், "எனக்கும் அந்த மெட்டு வேணும்," என்றாள். அங்கே வந்திருந்த பாட்டு வாத்தியார் தன் முட்டியைத் தடவிக்கொண்டே, "உங்களுக்கு வாத்தியம் எதுக்கும்மா, மூக்காலயே முனகலாமே," என்றார். அன்று அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து சாயங்காலம் படியில் சத்தம் கேட்கிறபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு முனகுவாள். நாலு மாதம் ஆகிவிட்டது. ஒரு நாள்கூட முகரவில்லை என்று சொல்ல முடியாது. முதல் மாதம் மூன்று தடவை தவறினாள். தவறிய நாட்களை அவரிடமே சொன்னாள். "பரவால்ல, நாளைக்குத் திரும்ப முதல்லேர்ந்து எண்ணு," என்றார் அவர். அவர் வாயிலிருந்து அது வந்தபோது இவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்த ஆளை நினைத்து நெஞ்சு நிமிரவும் செய்தது.

*

கடையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை. கீழ்மாடியில் குடியிருக்கும் நாத்தனார் மேலே வந்து உட்கார்ந்திருந்தார். தம்பி எங்கே போயிருக்கிறான் என்ற செய்தி மகள் மூலம் போயிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. விழுந்து கிடந்த தம்பியை இரண்டு மாடி தோளில் சுமந்து ஏற்றியவர்.

"அஞ்சு மணிக்கு வர்றேன்னு சொன்னானாமே?"

"அஞ்சு மணிக்குள்ள அங்கேர்ந்து வெளிய வந்துடுவேன்னாரு, அண்ணி."

"மணி அஞ்சே முக்கால்."

"ம்."

"போன் போட்டியா?"

"ஒருதடவை போட்டேன். எடுக்கல. குளிர் அறைக்குள்ள சிக்னல் இருக்காது."

"உனக்கு எப்படித்தான் இப்படி உக்கார முடியுதோ. கல்லு மாதிரி இருக்கே. நானா இருந்தா ஆட்டோ பிடிச்சு அந்தப் பார் வாசல்லயே போய் நின்னிருப்பேன்."

"நின்னா?"

"நின்னா என்ன, வெளிய வந்ததும் வாயைத் திறடான்னு சொல்லியிருப்பேன்."

அவள் உருளைக்கிழங்கைத் தோல் சீவினாள். தோல் நீளமாக, அறுந்துபோகாமல் விழுந்தது. முனகத் தொடங்கியிருந்தது தனக்கே தெரியவில்லை.

"என்ன முணுமுணுக்கிற?"

"அம்மா எட்டு போடுறாங்க அத்தை," என்றாள் மகள். "இப்போ மூணு."

ஆறாவது சுற்றில் படியில் சத்தம் கேட்டது. கருவிப் பெட்டியின் கனத்தோடு வருகிற சத்தம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பெட்டியைக் கீழே வைத்துக் கை மாற்றுவார், மாற்றினார். கால் தடுமாறவில்லை. அதைக்கூடக் கேட்கக் கூடாதோ என்று நினைத்தாள். காதை என்ன செய்வது?

அவருக்கு முன்னால் வாடை வந்தது.

பீர். கொஞ்ச நஞ்சமல்ல. கதவு திறந்ததும் அறையே நிரம்பியது. தோளிலிருந்து முழங்கால்வரை நனைந்து, தலைமுடி ஒட்டிப்போய், உதடு நீலம் பாரித்து நின்றார். நாத்தனார் எழுந்துவிட்டார்.

"பாத்தியா! பாத்தியாடி, நான் சொன்னேனா!"

"அக்கா, இரு," என்றார் அவர். பல் கிடுகிடுத்தது. "கம்ப்ரசர் சரியாப்போச்சு. கிளம்புறப்போ முழங்கை பட்டுப் பீப்பாய்க் குழாய் பிடுங்கிக்கிச்சு. தலை மேலயே. ஷவர் மாதிரி. அடைக்கிறதுக்குள்ள மொத்தமும் எம்மேல. வாயைத் திறந்திருந்தா போதும், இலவசம்." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. "திறக்கல."

"அப்பா, வாசிச்சீங்களா?" என்றாள் மகள்.

"அங்கயே, அந்தக் குளிருலயே உக்காந்து வாசிச்சேன் பாப்பா. வெளிய வந்தா கவுண்டர் இருக்கு, கண்ணாடி கிளாஸ் எல்லாம் வரிசையா இருக்கு. உள்ள இறங்கட்டும்னு உக்காந்துட்டேன். ரெண்டு எட்டு. ஓனர் எட்டிப் பாத்துட்டு, மெக்கானிக்குக்கு மூளை உறைஞ்சுபோச்சுன்னு யாருக்கோ போன் பண்றான்."

மகள் விரலில் கணக்குப் போட்டாள். "பதினாறு! அப்பா, இதுவரைக்கும் இதான் அதிகம்."

அவர் மகளைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்தார். ஏழு மாதத்தில் பார்க்காத ஒரு முகம் அது. ஜெயித்து வந்தவன் முகம்தான், ஆனால் தான் ஜெயித்தது தனக்கே நிச்சயமில்லாத முகம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு அடி முன்னால் வந்தார். பழைய நாட்களில் வாசலில் நிற்கிற மாதிரி குனிந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"சட்டையில இருக்கு. வாயில இல்ல. நீயே பாத்துக்கோ."

"பாரும்மா," என்றார் நாத்தனார். குரல் கெஞ்சியது. "அவனே சொல்றானில்ல. ஒருதடவை. எல்லாருக்கும் நிம்மதி."

நிம்மதி. கொஞ்ச நேரம் இருக்கும். அது எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியும். அவர் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மூக்கைக்கூட நீட்ட வேண்டியதில்லை, ஒரு மூச்சு இழுத்தால் போதும். அந்த ஒரு மூச்சில் இந்தப் பதினாறு சுற்றும் அவள் கைக்கு வந்துவிடும். அவர் வாசித்தது, நடுங்கியது, கிளாஸ் வரிசையைத் தாண்டி நடந்து வந்தது எல்லாம் அவள் சரி என்று சொன்னால்தான் சரி என்று ஆகிவிடும். அவள் தீர்ப்புச் சொல்கிறவளாகிவிடுவாள். அவர் மறுபடியும் வாசலில் நிற்கிறவராகிவிடுவார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவருடைய சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள்.

"சட்டையைக் குடுங்க. காயறதுக்குள்ள பச்சைத் தண்ணியில போடணும். காஞ்சா கறை ஒளிஞ்சுக்கும்."

"நான்தான கேக்குறேன்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "எனக்காக. ஒருதடவை."

இரண்டாவது பொத்தான் நனைந்து இறுகியிருந்தது. அதைக் கழற்றக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வேண்டாங்க," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.